பின்னாடி ஸ்பீக்கர் ஏன் பேச மாட்டேங்குது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ஹோம் தியேட்டர் பற்றி நாலு வரி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊர்தான் வேறு வேறு, குறை கிட்டத்தட்ட ஒன்றே. மொட்டை மாடியில் டிஷ் இருக்கிறது, எச்.டி. பாக்ஸ் இருக்கிறது, பணம் போட்டு 5.1 ஸ்பீக்கரும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர்) வாங்கியாகிவிட்டது, சத்தம் மட்டும் சுற்றி வர மாட்டேன் என்கிறது. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நன்றாக இருக்கிற ஆம்ப்பைப் பிரித்துப் போட்டு, கெடாத போர்டை மாற்றி, சம்பளப் பணத்தைக் கொட்டியவர்களின் கடிதங்களைப் படித்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

கேள்வி: எச்.டி. பாக்ஸிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் டி.வி.க்குப் போகிறது. டி.வி.யின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஏ.வி. ரிசீவருக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கிற ஆம்ப்) ஒரு கேபிள். டிவிடி ப்ளேயரை நேராக ரிசீவரில் மாட்டியிருக்கிறேன், அதில் படம் போட்டால் ஆறு ஸ்பீக்கரும் அருமையாகப் பேசுகின்றன. டிஷ்ஷில் படம் பார்த்தால் பின்னால் இருக்கிற இரண்டும் சும்மா இருக்கின்றன, அல்லது முன்னால் வருகிற அதே சத்தம் பின்னாலும் லேசாகக் கேட்கிறது. மெக்கானிக் ரிசீவரில் போர்டு போய்விட்டது என்கிறார். மாற்றலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: மாற்றாதீர்கள். போர்டு போயிருந்தால் டிவிடிக்கும் பின் ஸ்பீக்கர் பேசாது. டிவிடியில் ஆறும் பேசுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ரிசீவர் நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதலில் ரிசீவரின் முகப்பில் வருகிற எழுத்தைப் பாருங்கள். டிவிடி ஓடும்போது 'டால்பி டிஜிட்டல்' என்று வரும். டிஷ் ஓடும்போது 'பி.சி.எம்.' (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்றோ 'ப்ரோ லாஜிக்' என்றோ வந்தால், ரிசீவருக்கு வந்து சேர்வதே இடது, வலது என்ற இரண்டு ஒலிகள்தான். பல ரிசீவர்களின் ரிமோட்டில் இன்ஃபோ அல்லது ஸ்டேட்டஸ் என்று ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் 3/2.1 என்று ஒரு கணக்கு காட்டும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, அந்தப் புள்ளி ஒன்று வூஃபருக்கு. இது வந்தால் அசல் 5.1. 2/0 என்று வந்தால், டால்பி விளக்கு எரிந்தாலும் உள்ளே இருப்பது வெறும் ஸ்டீரியோ. இந்த ஒரு விஷயம் தெரியாமல் விளக்கை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, ஆறு எங்கே இரண்டாகிறது? சேனலில் ஆகலாம், பாக்ஸில் ஆகலாம், டி.வி.யில் ஆகலாம், கடைசியாக ரிசீவரில் ஆகலாம். இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும், நடுவில் தாவினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சேனலை எடுத்துக்கொண்டால், எச்.டி. என்று பெயர் இருப்பதாலேயே 5.1 வரும் என்று அர்த்தமில்லை. எச்.டி. என்பது படத்தின் தரம், ஒலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிறைய சேனல்கள் ஸ்டீரியோவில்தான் அனுப்புகின்றன. டால்பியில் அனுப்புகிற சேனலிலும் பழைய படம், சீரியல், விளம்பரம் எல்லாம் ஸ்டீரியோவாகத்தான் போகும், மூலத்தில் இல்லாத ஒலியை யாரும் புதிதாகக் கொண்டுவர முடியாது. ஆகவே சோதனை செய்யும்போது ஒரே சேனலைப் பிடித்துக்கொண்டு உட்காராமல், ஒரு எச்.டி. ஆங்கிலப் பட சேனல், ஒரு எச்.டி. விளையாட்டு சேனல் என்று நாலைந்து மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் பாக்ஸ். செட்டிங்ஸில் ஆடியோ என்ற பக்கத்தில் பி.சி.எம்., ஸ்டீரியோ, டால்பி டிஜிட்டல், பிட்ஸ்ட்ரீம், பாஸ் த்ரூ, ஆட்டோ என்ற பெயர்களில் இரண்டு மூன்று தேர்வுகள் இருக்கும், பாக்ஸுக்குப் பாக்ஸ் பெயர் மாறும். பி.சி.எம்., ஸ்டீரியோ இரண்டும் உங்களுக்கு வேண்டாம், டால்பி அல்லது பிட்ஸ்ட்ரீம் வையுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் ஆன மறுநாள் இது தானாகப் பழைய நிலைக்குப் போய்விடுவதும் உண்டு, 'நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு' என்று எழுதியவர்கள் இங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் மூன்றாவது இடத்தில், அதாவது டி.வி.யில். எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டியதும் டி.வி. பாக்ஸிடம் தன் ஜாதகத்தைச் சொல்லும். எந்தப் படம் என்னால் காட்ட முடியும், எந்த ஒலி எனக்குப் புரியும் என்பதெல்லாம் அதில் இருக்கும். டி.வி.யில் இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதனால் 'எனக்கு ஸ்டீரியோ போதும்' என்று பல டி.வி.க்கள் சொல்லிவிடும். பாக்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேட்டதைக் கொடுத்துவிடும். அப்படியே டால்பி உள்ளே வந்தாலும், எச்.டி.எம்.ஐ. வழியாக வந்த ஒலியை ஆப்டிகல் வழியே வெளியே விடும்போது ஸ்டீரியோவாகக் குறைத்து விடுகிற டி.வி.க்கள், முக்கியமாகப் பழைய மாடல்கள், ஏராளம். உங்கள் ரிசீவருக்கு மிச்சம்தான் வந்து சேர்கிறது.

ஆகவே டி.வி.யை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பாக்ஸின் பின்னால் ஆப்டிகல் என்றோ எஸ்.பி.டி.ஐ.எஃப். என்றோ எழுதிய சின்னச் சதுர ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இப்போது டி.வி.யில் இருக்கிற அதே கேபிளைக் கழற்றி அதில் மாட்டுங்கள். படம் எச்.டி.எம்.ஐ.யில் டி.வி.க்குப் போகட்டும், டி.வி. வால்யூமைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இன், அவுட் இரண்டும் இருந்தால் இன்னும் சுலபம், பாக்ஸிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டி.வி. என்று ஒரே கோடாக மாட்டிவிடலாம்.

ஒரு கேபிளில் ஆறு ஒலி எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. சுருக்காத ஸ்டீரியோ ஒலி, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால், நொடிக்கு 1,536 கிலோபிட். டிவிடியில் டால்பி டிஜிட்டல் 5.1 அதிகபட்சம் 448 கிலோபிட். ஆறு ஒலியும் சேர்ந்து, சுருக்காத இரண்டு ஒலியில் மூன்றில் ஒரு பங்கு இடம்கூட எடுப்பதில்லை. ஆப்டிகல் கேபிள் சுருக்கிக் கட்டிய அந்தப் பொட்டலத்தை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும். பொட்டலத்தை வழியில் யாரும் பிரிக்கக்கூடாது, ரிசீவர்தான் பிரிக்க வேண்டும். இந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் நடந்திருப்பது, வழியில் யாரோ பிரித்துவிட்டதுதான்.

கடைசியாக ரிசீவர். ஆப்டிகல் மாட்டிய இடத்தையும் ரிமோட்டில் நீங்கள் அழுத்துகிற இன்புட் பெயரையும் ஒத்துப் பாருங்கள், அந்த இன்புட் அனலாக்கில் நின்றுகொண்டிருந்தால் டிஜிட்டல் அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். 'ஆல் சேனல் ஸ்டீரியோ' என்று ஒரு மோடு இருக்கும், அதைப் போட்டால் ஐந்து ஸ்பீக்கரிலும் சத்தம் வந்து 5.1 மாதிரியே தோன்றும். கிரிக்கெட் ஓடும்போது பின் ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் காதை வையுங்கள். அங்கே வர்ணனை தெளிவாகக் கேட்டால் ஸ்டீரியோவைத்தான் பரப்பி விட்டிருக்கிறது. மைதானத்துக் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டு, வர்ணனை நடு ஸ்பீக்கரில் நின்றால், வர வேண்டியது வந்துவிட்டது.

கேள்வி: நீங்கள் போன மாதம் சொன்னபடி பாக்ஸில் டால்பி வைத்ததிலிருந்து பாட்டும் சண்டையும் பிரமாதம், ஆனால் பேசுவது காதில் விழவே இல்லை. அத்தைக்கு வசனம் கேட்க வேண்டும் என்று சத்தத்தைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் குழந்தை எழுந்துவிடுகிறான். பழையபடி மாற்றிவிடட்டுமா? – சேலம் வாசகி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் ஒன்றில்தான் வரும். முன்பு ஸ்டீரியோவில் இருந்தபோது அதே வசனம் இடது, வலது இரண்டிலும் வந்ததால் நடு ஸ்பீக்கரின் குறை தெரியாமலே இருந்தது, இப்போது வெளியே வந்திருக்கிறது. அதனால் குறை நடு ஸ்பீக்கரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆம்ப்பில் டெஸ்ட் டோன் என்ற வசதி இருக்கும். அதைப் போட்டால் 'உஷ்' என்ற சத்தம் இடது, நடு, வலது, பின் வலது, பின் இடது என்று வட்டமாகச் சுற்றி வரும். வழக்கமாக உட்காருகிற சோபாவிலேயே உட்கார்ந்து கேளுங்கள். நடுவில் வரும்போது சத்தமே இல்லாமல் போனால் ஒயர் கழன்றிருக்கிறது. தணிந்து கேட்டால் சென்டர் லெவலை இரண்டு மூன்று டெசிபெல் கூட்டுங்கள். ஸ்பீக்கர் செட்டப் மெனுவில் சென்டர் 'இல்லை' என்று இருந்தால் அதையும், உங்களிடம் நடு ஸ்பீக்கரே இல்லை என்றால் 'இருக்கிறது' என்று இருப்பதையும் சரி செய்யுங்கள். இல்லாத ஸ்பீக்கரை இருக்கிறது என்று சொல்லி வைத்தால், வசனம் முழுவதும் அந்த இல்லாத ஸ்பீக்கருக்கே போய்விடும்.

என் அக்கா வீட்டில் இதே புகார். போய்ப் பார்த்தால் நடு ஸ்பீக்கரை டி.வி. ஸ்டாண்டின் கீழ்த் தட்டில், ஆழமாகத் தள்ளி, முன்னால் கொலு பொம்மை இரண்டை வைத்து மறைத்திருந்தார்கள். பொம்மையை எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, அடியில் முன்பக்கம் ஒரு மடித்த அட்டையைக் கொடுத்து முகத்தைக் காதுக்கு நேராகத் தூக்கிவிட்டோம். ஒரு பைசா செலவில்லை, வசனம் தெளிந்துவிட்டது.

குழந்தை விஷயத்துக்கு 'நைட் மோடு' இருக்கிறது, சில ஆம்ப்பில் டி.ஆர்.சி. என்று எழுதியிருக்கும். அது பெரிய சத்தத்தை அடக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போட்டுக்கொள்ளுங்கள், பகலில் எடுத்துவிடுங்கள். இதற்கு மேலும் அத்தைக்குச் சிரமமாக இருந்தால் சீரியல் நேரத்துக்கு மட்டும் பாக்ஸை ஸ்டீரியோவில் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை, வீட்டில் எல்லோரும் கேட்பதற்குத்தானே வாங்கினோம்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாமான் வாங்கி உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் என்னுடையது. பின்னால் ஆறு பின் இன்புட். பாக்ஸில் சிவப்பு, வெள்ளைப் பின்னும் ஆப்டிகலும்தான் இருக்கிறது. ஆப்டிகலை மாற்றிக் கொடுக்கும் சின்ன டப்பா ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். சில சேனலில் சத்தம் வருகிறது, சிலதில் ஒன்றுமே இல்லை, சிலதில் கரகரவென்று இரைச்சல். டப்பா கெட்டதா, பாக்ஸ் கெட்டதா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: இரண்டும் கெடவில்லை. நீங்கள் வாங்கியது வேறு பொருள், அவ்வளவுதான்.

அந்த டப்பாவின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என இரண்டே பின் இருந்தால் அது டிஜிட்டலை ஸ்டீரியோ அனலாக் ஆக்குகிற கன்வெர்ட்டர், விலையும் குறைவாக இருக்கும். அதில் பெரும்பாலானவற்றுக்கு பி.சி.எம். மட்டும்தான் புரியும். ஸ்டீரியோ சேனலில் பாக்ஸ் பி.சி.எம். அனுப்புகிறது, சத்தம் வருகிறது. டால்பி சேனலுக்குப் போனதும் சுருக்கிக் கட்டிய பொட்டலம் வருகிறது, அதைப் பிரிக்கத் தெரியாததால் டப்பா வாயை மூடிக்கொள்கிறது, அல்லது அந்த எண்களையே ஒலி என்று நினைத்துக் கரகர என்று கொட்டுகிறது. அந்த இரைச்சல் முழு வேகத்தில் வரும், வால்யூமைக் கூட்டி வைத்துக்கொண்டு சேனல் மாற்றாதீர்கள், ஸ்பீக்கரின் ட்வீட்டர் பாவம்.

உங்களுக்கு வேண்டியது 5.1 டிகோடர். அதன் பின்னால் ஆறு அவுட்புட் இருக்கும். முன் இரண்டு, பின் இரண்டு, நடு, வூஃபர். டால்பி டிஜிட்டலை டிகோட் செய்யும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், வெறும் '5.1 சப்போர்ட்' என்ற வாசகம் போதாது. முடிந்தால் கடையிலேயே ஒரு டிவிடி ப்ளேயரை மாட்டி, ஆறு பின்னிலும் தனித்தனியாக ஒலி வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆம்ப்பில் மாட்டும்போது நடுவும் வூஃபரும் இடம் மாறிவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு. வசனம் வூஃபரிலிருந்து குடத்துக்குள் பேசுகிற மாதிரி வந்தால் அந்த இரண்டு பின்னையும் மாற்றிப் போட்டால் போதும்.

இன்னொன்று. சிவப்பு, வெள்ளைப் பின்னிலிருந்து ஒய் கேபிள் போட்டு ஆறு பின்னுக்கும் பிரித்துக் கொடுத்தால் 5.1 ஆகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆறு ஸ்பீக்கரும் பேசும். அத்தனையும் அதே இரண்டு ஒலியைத்தான் பேசும். நம்மூர் அசெம்பிள் ஆம்ப்புகளில் சில பிராண்ட் செட்டுகளையே தோற்கடிக்கிற அளவுக்கு நன்றாக இருக்கும், அதற்கு இப்படி அரைகுறை தீனி போடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எழுத்து ஓடும் முகப்பு இல்லாத உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை. பாக்ஸின் ரிமோட்டில் வால்யூமை ஏற்றி இறக்குங்கள். ஆப்டிகல் வழியே வருகிற சத்தம் கூடிக் குறைந்தால் பி.சி.எம். வருகிறது. எத்தனை அழுத்தினாலும் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் டால்பி, ஏனென்றால் சுருக்கிக் கட்டிய ஒலியில் பாக்ஸ் கை வைக்க முடியாது. 'டால்பி வைத்த பிறகு பாக்ஸ் ரிமோட்டில் வால்யூம் வேலை செய்யவில்லை' என்று எழுதிய மூன்று பேருக்கும் இதுவே பதில். அது சரியாகத்தான் வேலை செய்கிறது, ஆம்ப் ரிமோட்டைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பாக்ஸிலிருந்து ஆப்டிகலை நேராக ஆம்ப்புக்குக் கொடுத்ததில் 5.1 வந்துவிட்டது. ஆனால் உதடு அசைவதற்கு முன்னாடியே பேச்சு வந்துவிடுகிறது. – திருச்சி வாசகர்

பதில்: டி.வி. படத்தை அப்படியே காட்டுவதில்லை. ஃப்ரேம்களைச் சேர்த்து வைத்து, மெருகேற்றி, அதற்கு அப்புறம்தான் திரைக்கு அனுப்பும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிசெகண்ட், மூன்றைப் பிடித்து வைத்தாலே 100ஐத் தாண்டிவிடும். ஒலியோ நேர்வழியில் ஆம்ப்புக்கு ஓடிவிட்டது. இப்படிச் சத்தம் முந்துவது, பிந்துவதைவிட அதிகமாக உறுத்தும். மின்னலைப் பார்த்த பிறகுதானே இடி கேட்டுப் பழகியிருக்கிறோம், காதுக்குப் பின்தங்கிய சத்தம் பழக்கம், முந்திய சத்தம் பழக்கமில்லை. சத்தம் முந்தினால் சுமார் 45 மில்லிசெகண்டிலேயே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரைக்கும் பலருக்குத் தெரியாது.

ஆம்ப் மெனுவில் ஆடியோ டிலே அல்லது லிப் சிங்க் இருக்கும். 0 தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். செய்தி வாசிப்பவரின் முகம் பெரிதாகத் தெரியும்போது, 'ப', 'ம' என்று உதடு ஒட்டுகிற எழுத்துகளைக் கவனித்தால் சரியான இடம் பிடிபடும். டி.வி.யில் கேம் மோடு போட்டால் மெருகேற்றுகிற வேலை குறைந்து படம் சீக்கிரம் வரும், ஆம்ப்பில் டிலே வசதி இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி. சத்தம் பிந்துகிறது என்றால் மட்டும் டிலேயைக் கூட்டிப் பயனில்லை, ஏற்கெனவே எங்கேயாவது கூட்டி வைத்திருக்கிறதா என்று பார்த்து 0 ஆக்குங்கள்.

கேள்வி: மழை வந்தால் சத்தம் விட்டு விட்டு வருகிறது. மழை இல்லாதபோதும் ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருந்துகொண்டே இருக்கிறது. – தூத்துக்குடி வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு வியாதி. மழையில் படமும் கட்டம் கட்டமாக உடைந்து சத்தமும் போனால் அது சிக்னல். டி.டி.எச். வருகிற கே.யூ. பேண்ட் அலைகளை மழைத்துளி விழுங்கும், கனமழையில் அதைத் தடுக்க முடியாது. சின்னத் தூறலுக்கே போனால் டிஷ் கொஞ்சம் திரும்பியிருக்கும், அல்லது எல்.என்.பி.யில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கிற சின்ன டப்பா) கேபிள் சேருகிற முனை துருப்பிடித்திருக்கும். உங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு அந்த முனை சீக்கிரம் பச்சை பூத்துவிடும், வெட்டிப் புது கனெக்டர் போட்டு, தண்ணீர் இறங்காமல் டேப் சுற்றச் சொல்லுங்கள்.

படம் நன்றாக இருந்து சத்தம் மட்டும் விட்டு விட்டு வந்தால் ஆப்டிகல் கேபிளைப் பாருங்கள். முனை 'டக்' என்று உட்கார்ந்திருக்க வேண்டும், சுவருக்கும் பாக்ஸுக்கும் நடுவில் செங்குத்தாக மடிந்திருக்கக் கூடாது. ஆம்ப் பக்கத்து முனையைக் கழற்றினால் நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரியும், மங்கலாக இருந்தால் துடைத்துப் பாருங்கள். புதிதாக வாங்கிய கேபிளில் நுனியில் கண்ணாடி போன்ற குட்டி ப்ளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றாமலே மாட்டிவிட்டு அவதிப்பட்டவர்கள் உண்டு. சேனல் மாற்றும்போது மட்டும் அரை நொடி சத்தம் நிற்பது குறை இல்லை, ஆம்ப் ஸ்டீரியோவிலிருந்து டால்பிக்கு மாறுகிறது.

'ம்ம்ம்' இரைச்சல் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். மாடியிலிருந்து வருகிற டிஷ் கேபிள் ஒரு எர்த்தையும் ஆம்ப்பின் ப்ளக் இன்னொரு எர்த்தையும் தொட்டால் இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் சுற்றும். சோதிக்க, பாக்ஸிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றுங்கள், இரைச்சல் உடனே நின்றால் காரணம் இதுதான். சிவப்பு, வெள்ளைப் பின்னை எடுத்துவிட்டு ஆப்டிகல் மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், அதில் போவது வெளிச்சம், மின்சாரம் ஏற முடியாது. டி.வி., பாக்ஸ், ஆம்ப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். ஆனால் ஆம்ப் ப்ளக்கின் எர்த் பின்னை உடைத்தால் இரைச்சல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். போகும்தான், ஷாக் அடித்தால் உயிரும் போகும்.

கேள்வி: ஒரே படத்தை ஆங்கிலத்தில் வைத்தால் 5.1, தமிழுக்கு மாற்றினால் ஸ்டீரியோ. ஏன்? – காரைக்குடி வாசகி

பதில்: ஒவ்வொரு மொழியும் தனித்தனி ஆடியோ ட்ராக்காக வருகிறது. ஒன்றை டால்பி 5.1 ஆகவும் மற்றதை ஸ்டீரியோவாகவும் சேனல்காரர்கள் அனுப்பலாம், அப்படி அனுப்பினால் நம் பக்கத்தில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. பாக்ஸின் ஆடியோ அல்லது மொழி பட்டனை அழுத்தி எல்லா ட்ராக்கையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சில சமயம் தமிழே இரண்டு தடவை பட்டியலில் இருக்கும், இரண்டாவது டால்பியாக இருக்கலாம். இல்லையென்றால் சேனலுக்கு எழுதிக் கேளுங்கள். தமிழ் ட்ராக்கையும் 5.1 இல் கொடுங்கள் என்று நாம் கேட்காவிட்டால் யார் கேட்பார்கள்?